வீட்டில் நன்றாகத்தான் வந்தது

இசை கற்றுக்கொடுப்பவர்கள் வாழ்நாளில் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் “வீட்ல நல்லா வந்துது சார்” என்பதாகத்தான் இருக்கும். வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் வராமல் போன சங்கதிக்கு மாணவர் சொல்லும் சமாதானம் அது. வாத்தியார் பொதுவாக நம்புவதில்லை. “அப்ப வீட்டுக்கே வந்து கேட்டுக்கறேன்” என்று ஒரு குத்தல் வரும். ஆனால் மாணவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் வந்தது உண்மை. எத்தனையாவது தடவையில் வந்தது என்பதைத்தான் அவர் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

ஒன்பதாவது தடவையில் வந்திருக்கும். பத்தாவதும் வந்திருக்கும். அந்த நிம்மதியில் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடியிருப்பார். மேடையில் கிடைப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் முதல் தடவை. சாதகத்தைக் கடைசித் தடவையை வைத்து மதிப்பிடுகிறோம், கச்சேரி நம்மை முதல் தடவையை வைத்து மதிப்பிடுகிறது. மேடைக்கு முன் செய்யும் தயாரிப்பில் நேர்மை என்று ஒன்று இருந்தால் அது இந்த இடைவெளியைப் பார்க்கத் துணிவதுதான் என்று நினைக்கிறேன். இந்த இடைவெளியைப் பற்றி உளவியலாளர்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிறையக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் பலவும் சாதகம் செய்பவரின் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானவை.

பைரவி ராக அடதாள வர்ணத்தை எடுத்துக்கொள்வோம். பச்சிமிரியம் ஆதியப்பய்யா இயற்றியது, 14 அட்சரத் தாளம், கர்நாடக சங்கீதம் கற்கும் எவரும் என்றைக்காவது கடந்தாக வேண்டிய உருப்படி. ஒரு பெண் அதை வயலினில் இரண்டாம் காலத்தில் வாசித்துப் பார்க்கிறாள். சரணத்தின் ஸ்வரம் ஒன்றில் விரல் தடுக்குகிறது. ‘சே’ என்று வில்லை எடுத்துவிட்டுப் பல்லவிக்குத் திரும்பிப் போகிறாள். மறுபடி அதே இடம், அதே தடுக்கல். மறுபடி பல்லவி. மூன்றாவது தடவை தடுக்கினாலும் நிற்காமல் கடந்துவிடுகிறாள், நான்காவது சுமார், ஐந்தாவது சுத்தம். அம்மா சமையலறையிலிருந்து “இப்ப சரியா வந்துது” என்கிறாள். சாதகம் முடிந்தது.

என்ன நடந்தது என்று எண்ணிப் பார்த்தால் கதை வேறு. ஏற்கெனவே வரும் பல்லவியை அவள் ஐந்து தடவை நன்றாக வாசித்திருக்கிறாள். வராத இடத்தை நான்கு தடவை தப்பாகவும் ஒரு தடவை சரியாகவும் வாசித்திருக்கிறாள். விரல்கள் நம் ஆசையைக் கேட்டு எதையும் பதித்துக்கொள்வதில்லை. எதை எத்தனை தடவை செய்தோமோ அதைத்தான் பதித்துக்கொள்கின்றன. நாளைக் காலை அந்த இடத்தில் எது முதலில் வரும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் தடுக்கலின் மேல்தான் கட்டுவேன்.

இதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் உடன் பணியாற்றியவர்களும் 2009ல் வெளியிட்ட ஆய்வு அது. பியானோவை முதன்மைப் பாடமாகப் படிக்கும் 17 மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து சிக்கலான ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயிற்சி செய்யலாம், குறித்த வேகத்தில் நம்பிக்கையோடு வாசிக்க முடியும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் அதே பகுதியை இடையில் நிறுத்தாமல் 15 தடவை வாசிக்க வேண்டும். அந்த வாசிப்பை வைத்து ஆய்வாளர்கள் 17 பேரையும் வரிசைப்படுத்தினார்கள்.

அதிக நேரம் பயிற்சி செய்தவர்தான் முதலில் வந்தாரா? இல்லை. அதிகத் தடவை வாசித்தவரா? அதுவும் இல்லை. மணிக்கும் எண்ணிக்கைக்கும் மறுநாள் தரத்துக்கும் தொடர்பே காணவில்லை. தொடர்பு இருந்தது வேறொன்றோடு: பயிற்சியில் வாசித்த மொத்தத் தடவைகளில் எத்தனை பங்கு சரியாக இருந்தது என்பதோடு. முதல் மூன்று இடம் பிடித்தவர்களும் தொடக்கத்தில் மற்றவர்களைப் போலவே தப்பு செய்தார்கள். தப்பு வந்ததும் அவர்கள் செய்ததுதான் வேறு. எந்த இடத்தில், எந்த விரலில் என்று துல்லியமாகக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்து, சரியாக வரும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து, அது நிலைப்படும்வரை அங்கேயே இருந்தார்கள். மற்றவர்களும் இந்த உத்திகளில் சிலவற்றைப் பயன்படுத்தினார்கள், ஆனால் ஒரு தப்பு பலமுறை திரும்ப வரும்படி விட்டுவிட்டார்கள்.

நம் பழைய வாத்தியார்கள் முதல் காலத்தில் பாடச்சொல்லிப் பிடிவாதம் பிடித்ததன் பலன் இங்கே தெரிகிறது. மெதுவாக வாசிப்பது பணிவுக்கான பயிற்சி என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் ஈடுபாடு இல்லை. வேகம் குறையும்போது தப்பு குறைகிறது, சரியான தடவைகளின் பங்கு கூடுகிறது, அவ்வளவுதான்.

மணிக்கணக்கு என்று வந்ததும் ‘அசுர சாதகம்’ நினைவுக்கு வராமல் இருக்காது. வித்வான்களின் வாழ்க்கை வரலாறுகளில் அது கட்டாயம் ஓர் அத்தியாயம் பிடித்துக்கொள்ளும்: விடியற்காலை மூன்று மணி, ஆற்றில் கழுத்தளவு தண்ணீர், அகாரம். மேல்நாட்டில் இதே மயக்கம் பத்தாயிரம் மணி நேரம் என்ற எண்ணாக வலம் வருகிறது. அதன் மூலம் 1993ல் ஆண்டர்ஸ் எரிக்சனும் வேறு இருவரும் வெளியிட்ட கட்டுரை. மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை மிகச் சிறந்தவர்கள், நல்லவர்கள், இசை ஆசிரியர் பயிற்சிக்குப் படிப்பவர்கள் என்று பத்துப் பத்துப் பேராக மூன்று குழுவாக்கினார்கள். 18 வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சி சராசரியாக முதல் குழுவுக்குச் சுமார் 7,400 மணி, இரண்டாவதற்கு 5,300, மூன்றாவதற்கு 3,400. இருபது வயதில் முதல் குழுவின் சராசரி பத்தாயிரத்தைத் தொட்டது. மால்கம் கிளாட்வெல் 2008ல் எழுதிய நூல் அந்த எண்ணை ஒரு விதியாக்கி உலகமெங்கும் பரப்பியது.

விதியைப் பரப்பியவர்கள் சில விவரங்களை விட்டுவிட்டார்கள். அது சராசரி மட்டுமே. முதல் குழுவிலேயே பாதிப்பேர் இருபது வயதில் அந்த எண்ணை எட்டவில்லை என்று எரிக்சனே பிறகு எழுதினார். மேலும் அவர் அளக்க நினைத்தது ஒரு குறையைக் குறிவைத்து, கவனம் சிதறாமல் செய்யும் பயிற்சியை. வாத்தியத்தைக் கையில் வைத்திருந்த நேரத்தை எல்லாம் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. புரூக் மக்னமாரா 2019ல் இந்த ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தபோது மிகச் சிறந்தவர்களுக்கும் நல்லவர்களுக்கும் பயிற்சி நேரத்தில் வித்தியாசம் இல்லாமல் போனது. ஒரு கட்டத்துக்குப் பிறகு மணிக்கணக்கு எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. பெர்லின் கட்டுரையில் பலரும் கவனிக்காத ஒரு தகவலும் உண்டு: மேல் இரண்டு குழுவினரும் மூன்றாவது குழுவை விட அதிகம் தூங்கினார்கள், பகலிலும் ஒரு குட்டித் தூக்கம் போட்டார்கள். அசுர சாதகக் கதைகளில் யாரும் தூங்குவதில்லை.

இனி உள்ளுணர்வுக்கு எதிரான விஷயத்துக்கு வருவோம். ஒரே சங்கதியைத் தொடர்ந்து இருபது தடவை பாடுகிறோம். பன்னிரண்டாவது தடவையில் வெண்ணெயாக வழுக்குகிறது. இந்த வழுக்கல்தான் ஏமாற்றுகிறது. ஒரு நொடிக்கு முன் கொடுத்த கட்டளை இன்னும் சூடாக இருப்பதால் மூளை அதை நினைவின் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை. எடுக்காத ஒன்றை எடுக்கப் பழகவும் முடியாது. கலிபோர்னியாவின் ராபர்ட் ஜோர்க், எலிசபெத் ஜோர்க் தம்பதி பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்தது இதைத்தான்: பயிற்சி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் தேர்ச்சி வேறு, நாளைக்கு நிற்கும் கற்றல் வேறு. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்லாது.

இதற்கு முதல் அழுத்தமான ஆதாரம் 1979ல் வந்தது. ஜான் ஷே, ராபின் மோர்கன் என்ற இருவர் மாணவர்களிடம் சிறு மரத்தடைகளைக் குறித்த வரிசையில் கையால் தட்டிவிடும் மூன்று வகைக் காரியங்களைக் கொடுத்தார்கள். ஒரு குழு முதல் காரியத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழுவே வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து செய்தவர்கள் முந்திவிட்டார்கள். இசையில் இதே சோதனையைக் கிளாரினெட் கலைஞர்கள் பத்துப் பேரை வைத்து கிறிஸ்டீன் கார்ட்டரும் ஜெசிகா கிரானும் செய்து 2016ல் வெளியிட்டார்கள். சில உருப்படிகளுக்கு 12 நிமிடம் ஒரே மூச்சில், மற்றவற்றுக்கு மூன்று மூன்று நிமிடமாகப் பிரித்து மாறி மாறி. மறுநாள் வாசித்ததைக் கேட்ட தொழில்முறைக் கலைஞர்கள் பெரும்பாலும் மாறி மாறிப் பழகியதற்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் மற்ற துறைகளில் கண்டதோடு ஒத்துப்போகிறது.

மாறி மாறிப் பழகுவது சுகமாக இருக்காது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் உருப்படி கொஞ்சம் ஆறிப்போயிருக்கும், தடுமாறும், ‘நேற்றை விட மோசமாகிவிட்டதே’ என்று கூடத் தோன்றும். அந்தத் தடுமாற்றத்தில்தான் மூளை எடுத்துக் கொடுக்கப் பழகுகிறது. அதனால் கச்சேரிக்கு ஒரு மாதம் இருக்கையில் கல்யாணியை அரை மணி நேரம் பாடிவிட்டுத் தோடிக்குப் போவதை விட, கல்யாணியில் ஒரு நிரவல், தோடியில் ஓர் ஆலாபனைத் துண்டு, ஒரு திருப்புகழ், மறுபடி கல்யாணி என்று வைத்துக்கொள்வது நல்லது. புதிதாக ஓர் உருப்படியைப் பாடம் பண்ணும் முதல் ஓரிரு நாளுக்கு இது பொருந்தாது. அப்போது ஒரே இடத்தில் உட்காரத்தான் வேண்டும்.

இன்னொரு பழக்கம் இன்னும் எளிது. காலையில் எழுந்து குரலைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டதும், சாதகத்துக்கு முன்பாகவே, கச்சேரியில் பாடப்போகும் கடினமான சங்கதியை ஒரே ஒரு தடவை பாட வேண்டும். வந்ததா, வரவில்லையா என்று நோட்டில் குறித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். திருத்தக் கூடாது, ‘இன்னொரு வாட்டி’ கிடையாது. பத்து நாள் குறிப்பைப் பார்த்தால் மேடையில் என்ன நடக்கும் என்பதற்கு ஓரளவு நம்பகமான முன்னறிவிப்பு கிடைத்துவிடும். பலரும் இதைச் செய்யத் தயங்குவார்கள். முதல் மூன்று நாள் குறிப்பு மனதை உடைக்கும்.

சாட்சிகளைப் பற்றியும் பேச வேண்டும். பாடும்போது நம் காதை நாம் நம்ப முடியாது. பாடுபவரின் குரல் அவருக்குக் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் போய்ச் சேர்கிறது. அதனால் கீழ்ஸ்வரங்கள் கனமாகக் கேட்கும். பதிவில் கேட்டால் ‘இது என் குரலா, இவ்வளவு மெல்லிசா?’ என்று அதிர்ச்சி வருவது இதனால்தான். அதைவிட முக்கியம், அடுத்த அடியைத் திட்டமிடுவதில் மூளை மும்முரமாக இருப்பதால், பாட நினைத்ததையே பாடியதாகக் காது எடுத்துக்கொள்கிறது. செல்போன் இதற்கெல்லாம் மயங்காது. ஆனால் பதிவை உடனே கேட்பதில் பயன் குறைவு என்பது என் எண்ணம். பாடிய உணர்வு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் கேட்டால் வேறு யாரோ பாடியது போல் காதில் விழும், தயவு தாட்சண்யம் இருக்காது.

தாளத்தில் இருக்கும் ஓட்டை இன்னும் சுவாரசியமானது. ‘நான் தாளம் போட்டுத்தான் பாடுகிறேன்’ என்று சொல்பவரின் கையைப் பாருங்கள். சுலபமான இடத்தில் பாட்டு ஓடுகிறது, கையும் கூடவே ஓடுகிறது. பிருகா விழும் இடத்தில் பாட்டு தயங்குகிறது, கையும் காத்திருக்கிறது. கையும் வாயும் ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கின்றன. ஒன்று மற்றொன்றைக் காட்டிக்கொடுக்காது. மெட்ரோனோம் காட்டிக்கொடுக்கும், மிருதங்கக்காரர் காட்டிக்கொடுப்பார். மேடையில்தான் முதன்முதலாக அவரைச் சந்திக்கப்போகிறோம் என்றால் அதற்கு முன் ஒரு செயலியிடமாவது அடி வாங்கிக்கொள்வது நல்லது.

அப்படிச் சந்திப்பது நம் சங்கீதத்தில் சர்வ சாதாரணம். மேற்கத்திய இசைக்குழு ஒன்று ஒத்திகை இல்லாமல் மேடையேறுவதை நினைத்துப் பார்க்க முடியாது. சென்னை சபாக்களில் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் கிரீன் ரூமில் காபி குடித்தபடி சுருதி எத்தனை கட்டை, ராகம் தானம் பல்லவி உண்டா என்று பேசிக்கொள்வதோடு ஒத்திகை முடிந்துவிடுவதுண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வடிவமைத்துக் கொடுத்த கச்சேரி முறையில் கற்பனைக்கு நிறைய இடம் உண்டு. அந்தக் கற்பனையை எவ்வளவு தயார் செய்யலாம்? வீட்டில் மனப்பாடம் செய்த ஸ்வரக் கோர்வையை மேடையில் அப்போது உதித்தது போலப் பாடுவது நேர்மையா என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். நான் அந்தச் சண்டையில் நடுவில் நிற்கிறேன். கோர்வையைத் தயார் செய்வதில் தவறில்லை. கணக்குத் தெரியாமல் தயார் செய்வதில்தான் ஆபத்து.

ஆதி தாளம், ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஐந்து ஸ்வரம், இரண்டு மாத்திரை கார்வை, ஐந்து ஸ்வரம், இரண்டு கார்வை, ஐந்து ஸ்வரம் என்று ஒரு சிறு முடிவு. மொத்தம் 19. பாட்டின் எடுப்பு சமத்தில் என்றால் 13 மாத்திரை கழிந்ததும் இதைத் தொடங்க வேண்டும். ஒரு மாணவர் இதைப் பாட்டோடு சேர்த்து நூறு தடவை பாடி நெட்டுருப் போட்டுவிட்டார். மேடையில் அதே ராகத்தில் அரை இடம் தள்ளி எடுப்பு உள்ள கிருதிக்கு ஸ்வரம் பாட நேர்கிறது. எடுப்பு இரண்டு மாத்திரை தள்ளிப்போனதால் 15 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது 13 என்ற இடத்தின் ருசி மட்டும். முடிவு இரண்டு மாத்திரை முன்னதாகவே வந்து விழுகிறது, மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறார். வீட்டில் அதே 19ஐ சமம், அரை இடம், முக்கால் இடம் மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் பாடியிருந்தால் நூறு தடவை கூடத் தேவைப்பட்டிருக்காது.

மறதி வேறு ரகம். பாட்டு நினைவில் எப்படி உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலும் சங்கிலியாக. ஒரு வரி அடுத்த வரியை இழுத்துவரும். சங்கிலி அறாதவரை எல்லாம் சுகம். அறுந்தால் ஆரம்பத்துக்குத்தான் போக வேண்டும், மேடையில் அதற்கு வழியில்லை. அறும் இடங்களும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவைதான். தியாகராஜரின் பல கிருதிகளில் அனுபல்லவியின் மெட்டே சரணத்தின் பிற்பகுதியில் திரும்ப வரும். மெட்டு ஒன்று, சாகித்யம் இரண்டு. சரணம் பாடிக்கொண்டிருப்பவர் தன்னை அறியாமல் அனுபல்லவியின் வார்த்தைக்குள் நுழைந்துவிடுவது இங்கேதான்.

உளவியலாளர் ராஜர் சாஃபின், பியானோ கலைஞர் கப்ரியேலா இம்ரே இருவரும் சேர்ந்து இதைக் கிட்டத்தில் பார்த்தார்கள். பாக்கின் இத்தாலிய கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியை இம்ரே புதிதாகக் கற்றுக்கொள்வதை ஆரம்பம் முதல் மேடைவரை வீடியோ எடுத்தார்கள். சில நிமிடங்களில் வாசித்து முடிக்கிற அந்தப் பகுதிக்குப் பத்து மாத இடைவெளியில் 33 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி. எங்கெங்கே நிறுத்தினார், எங்கிருந்து மீண்டும் தொடங்கினார் என்பதைக் குறித்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. இசையின் உட்பிரிவுகள் தொடங்கும் இடங்களிலிருந்தும், ஒரே மாதிரித் தொடங்கி வேறு வேறாகப் பிரியும் இடங்களிலிருந்தும் வேண்டுமென்றே தொடங்கித் தொடங்கிப் பழகியிருந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு நினைவிலிருந்து முதல் பக்கத்தை எழுதிக்காட்டியபோது, உட்பிரிவுகளின் தொடக்கங்கள்தான் நன்றாக நினைவில் நின்றிருந்தன. நடுவழியில் விழுந்தாலும் ஏறிக்கொள்ள ஓர் இடம் இருந்தது.

இப்படிப்பட்ட நினைவு என்ன செய்யும் என்பதற்கு மரியா ஜோவா பிரெஷ் என்ற போர்த்துகீசியப் பியானோ கலைஞரின் கதை பிரபலம். 1990களின் கடைசியில், ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கபோ அரங்கில் பார்வையாளர்கள் முன் ஒரு மதிய நிகழ்ச்சி. ரிக்கார்டோ ஷாயி நடத்த, இசைக்குழு மொசார்ட்டின் டி மைனர் கான்செர்ட்டோவைத் தொடங்கியது. பிரெஷ் வேறொரு மொசார்ட் கான்செர்ட்டோவுக்குத் தயாராகி வந்திருந்தார். வீடியோவில் அவர் முகம் வெளிறுவதைப் பார்க்கலாம். நோட்டும் கையில் இல்லை. அந்தக் கான்செர்ட்டோவில் பியானோ நுழைவதற்கு முன் இசைக்குழு இரண்டு நிமிடத்துக்கும் மேல் தனியாக வாசிக்கும். அதற்குள் ஷாயி கையை வீசி நடத்திக்கொண்டே அவரைத் தைரியப்படுத்துகிறார். அவர் நுழைய வேண்டிய இடம் வந்தது, நுழைந்தார், கடைசிவரை நினைவிலிருந்தே வாசித்தார். அவர் அதை அதற்கு முன்பே மேடைகளில் வாசித்திருந்தார். தயாரிப்பு அன்றைக்கு இல்லையே தவிர, அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருந்தது.

அண்மைக் காலத்தில் சபா மேடைகளிலும் ஐபேட் வந்துவிட்டது. சாகித்யத்தைப் பார்த்துப் பாடுவதைச் சிலர் பாவம் போலப் பேசுகிறார்கள், எனக்கு அதில் கோபம் இல்லை. பல வாக்கேயக்காரர்கள், பல மொழிகள், சீசனில் பல கச்சேரி. ஆனால் சாதகத்திலும் அதைத் திறந்தே வைத்திருந்தால் நினைவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது பாடகருக்குத் தெரியவே தெரியாது. மூடிவைத்துவிட்டு, சரணத்தின் மூன்றாவது வரியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். தொடங்க முடியாத வரிகளைக் குறித்துக்கொண்டால் மேடையில் எந்தப் பக்கத்தில் கண் இருக்க வேண்டும் என்றாவது தெரியும்.

இத்தனையும் செய்தாலும் மேடை உடம்பை மாற்றிவிடும். அட்ரினலின் ஏறுகிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்த்துக் குளிர்கிறது, வாயில் எச்சில் வற்றுகிறது. பாடகர் பக்கத்தில் இருக்கும் வெந்நீர் பிளாஸ்க்கிற்கு இதுவும் ஒரு காரணம். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் வருகிறது. வயலின்காரருக்கு அது நீண்ட, மெதுவான வில்லில்தான் மிக அதிகம் தெரியும். பதற்றத்தில் காலப்பிரமாணமும் ஓடிவிடும். செல்லோ மேதை பாப்லோ கஸால்ஸ் வாழ்நாள் முழுதும் மேடை நடுக்கத்தோடு போராடினார். ஆக, அது அனுபவம் இல்லாதவர்களின் நோய் என்று எண்ண வேண்டாம். இந்த உடல்குறிகளை அடக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகளைத் தந்திவாத்தியக் கலைஞர்களிடம் சோதித்த ஆய்வு 1977லேயே லான்செட் இதழில் வந்தது, நடுக்கம் குறைந்தது உண்மை. மேல்நாட்டு இசைக்குழுக்களில் இந்த மாத்திரை பரவலாகப் புழங்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாதது.

மாத்திரை இல்லாத வழிகளில் ஒன்று வேடிக்கையானது. ஹார்வர்டில் அலிசன் உட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட ஆய்வில் முன்பின் தெரியாதவர்கள் முன் கரோக்கி பாட வந்தவர்களிடம், பாடுவதற்குச் சற்று முன் ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்றோ ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்றோ உரக்கச் சொல்லச் சொன்னார்கள். உற்சாகம் என்று சொன்னவர்கள் சுருதியிலும் தாளத்திலும் முந்தினார்கள். இதயத் துடிப்பு என்னவோ குறையவில்லை. துடிக்கிற இதயத்தை அமைதிப்படுத்தப் பாடுபடுவதை விட அதற்கு வேறு பெயர் சூட்டுவது சுலபம் போலிருக்கிறது.

இதை விடப் பலமானது, அந்த உடம்போடு முன்கூட்டியே பழகிக்கொள்வது. இரண்டு மாடி ஏறி இறங்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்து வர்ணத்தைத் தொடங்கலாம். அண்டை வீட்டு மாமா மாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடலாம், நடுவில் அவர்கள் செல்போன் அடித்தால் இன்னும் நல்லது. இந்த ஒத்திகையில் ஒரு நிபந்தனை: நிறுத்தக் கூடாது. திருத்தும் சாதகம் தப்பு வந்த கணத்திலேயே நிற்கச் சொல்கிறது, ஒத்திகை எது வந்தாலும் போகச் சொல்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திறமைகள். திருத்துவதை மட்டுமே பழகியவர் மேடையிலும் தப்பு வந்தால் ஒரு கணம் நின்றுவிடுவார். ரசிகருக்கு அதுவரை தெரியாத தப்பு அந்த நிற்றலில்தான் தெரியும்.

கடைசி வாரத்தில் குரலை மிச்சம் பிடிக்க வேண்டும். ஐந்து கட்டையில் பாடும் பெண் ஆதார ஷட்ஜத்தைப் பிடித்தால் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 196 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 12,000. மேல் ஷட்ஜத்தில் இதைப் போல் இரு மடங்கு. எந்தத் தசைநாரும் இதைக் கணக்கில்லாமல் தாங்காது. தொண்டைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மனதுக்குள் பாடலாம். அல்வாரோ பாஸ்குவல் லியோனின் குழு 1995ல் காட்டியது இது: ஐந்து நாள் தினம் இரண்டு மணி நேரம் பியானோ விரல் வரிசை ஒன்றை மனதால் மட்டும் பழகியவர்களின் மூளையில், விரல்களை ஆளும் பகுதி நிஜமாக வாசித்தவர்களுக்கு விரிந்தது போலவே விரிந்திருந்தது. அவர்களின் வாசிப்பு அந்த அளவுக்கு எட்டவில்லை. ஆனால் அதன்பின் ஒரே ஒரு நாள் நிஜப் பயிற்சியில் எட்டிப்பிடித்துவிட்டார்கள்.

கச்சேரிக்கு முதல் நாள் இரவு புதுச் சங்கதி எதையும் தொட வேண்டாம். ஓர் இரவுத் தூக்கத்துக்குப் பின், பழகிய விரல் வரிசையைத் தட்டும் வேகம் சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்று மேத்யூ வாக்கரின் குழு 2002ல் கண்டது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு களைப்பு தீர்ந்ததால் வந்ததுதான் என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். எப்படியானாலும் தூங்குவதற்கு எதிராக யாரும் ஆதாரம் காட்டவில்லை.

கச்சேரி முடிந்த இரவு, போளியும் போண்டாவும் சாப்பிட்ட பின், பதிவைக் கேட்பதற்கு முன்பே ஒரு வேலை பாக்கி. எங்கெங்கே தப்பு வந்தது என்று நினைவிலிருந்து எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பதிவைக் கேட்டு இன்னொரு பட்டியல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சில தப்புகள் இரண்டிலும் இருக்கும், சில நாம் மட்டும் கேட்ட தப்புகளாக இருக்கும். பதிவில் மட்டும் இருக்கும் தப்புகள், அதாவது பாடும்போது காதில் விழவே விழாதவை, அடுத்த நாள் சாதகத்தில் முதலில் எடுக்க வேண்டியவை.